பஞ்சர் கடைக்குப் போன கம்ப்யூட்டர்

வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை மனைவியின் கட்டிலருகிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டருக்கு வைத்தவன் நான். வெளியே சொல்லக் கூசுகிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் மனைவி வழி உறவினர்கள் சொல்லிவிடுவார்கள், அதுவும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. ஒரு கட்டுரையைப் பாதி தட்டுவதற்குள் பொட்டென்று அணைந்துவிடும். நான் எழுதுவது நகைச்சுவை என்பதால், அதற்கும் ரசனை இருக்கிறது போலும் என்று சில நாள் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் தொட்டுப் பார்த்தால் பெட்டி காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. அன்றைக்கே ஃபேன் இடம் மாறியது. ஜன்னலை அகலத் திறந்து, வெளிக்காற்றை வாரிப் பெட்டியின் பின்பக்கம் அடிக்கும்படி நிறுத்தினேன். மனைவிக்குத்தான் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் இருக்கிறதே.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தோம். நான் கணக்கெழுதும் அட்டைப்பெட்டிக் கம்பெனியிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுத் திரும்பலாம். அந்தத் தூக்கத்துக்காக நான் எதையும் விட்டுக்கொடுக்கக்கூடியவன். பெரும்பாலும் அடுத்தவர்களுடையதை.

மனைவிக்கு இருமல். வருஷக்கணக்காக.

“திருவள்ளூர்ல அக்கா ஊட்டுக்குப் போனா ரெண்டு நாள்ல நின்னுடுதுங்க. இங்க வந்து எறங்குனதும் புடிச்சிக்குது. மணவாள நகர்லயே ஒரு ஊடு பாத்துக்கினு போயிடலாம்.”

“அக்கா ஊட்ல உக்காந்து சாப்புடற. இங்க வேலை செய்யற. அதான் இருமல்” என்று நான் மருத்துவ விளக்கம் அளித்தேன். ஒரு பக்கம் கடல், ஆரம்பாக்கம் பக்கம் பச்சை வயல், நடுவில் நாம். மெட்ராஸ்காரன் இந்தக் காற்றுக்குக் காசு கொடுப்பான் என்றேன். இதையே ஒரு பத்திரிகையில் கட்டுரையாகவும் எழுதினேன். மாடியில் காயும் வேட்டியில் கறுப்புப் பொட்டுகள் விழுந்தால் காக்கையின் மேல் பழி போட்டேன். டாக்டர், “வீட்டுப் பக்கம் தூசி, புகை ஏதாவது உண்டாம்மா?” என்று அவளைக் கேட்டபோது, “அதெல்லாம் இல்ல டாக்டர், சுத்தமான காத்து” என்று முந்திக்கொண்டு பதில் சொன்னதும் நான்தான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இருமினாள். டாக்டர் மருந்து எழுதினார்.

போனஸ் வந்தது. மணவாள நகரில் அக்கா பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு அதை அட்வான்ஸாகக் கொடுக்கலாம் என்று மனைவி நினைத்தாள். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு நான் திருவள்ளூர் போய்விட்டேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் என் பெட்டியின் வயதைக் கேட்டுவிட்டு, துக்க வீட்டில் நிற்பவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“ப்ராசஸர மாத்தணும்னா போர்ட மாத்தணும் சார். போர்ட மாத்துனா ராம மாத்தணும். அப்பறம் பவர் சப்ளை. கடைசில உங்களுதுன்னு மிச்சம் இருக்கறது கீபோர்டு ஒண்ணுதான்.”

“பட்ஜெட் கம்மிங்க.”

“அப்ப செகண்ட் ஹேண்டுல ஒரு ராம், சின்னதா ஒரு எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்கு மாதிரி சுத்தாது, கறகறன்னு சத்தம் போடாது. ரெண்டு வருசம் தள்ளிடலாம்.”

இரண்டையும் ஒரு சின்னப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். வாங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. திறந்தால் ஸ்டிக்கர் கிழியும், ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போகும் என்று, வாரண்டி முடிந்த பின்னும் பல வருஷம் அந்த ஸ்டிக்கரைக் காத்து வந்தவன் நான்.

உள்ளே பார்த்ததும் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. கரடிக்குட்டி ஒன்று சுருண்டு படுத்திருப்பது போல ஒரே கறுப்பு. போர்டு தெரியவில்லை. சின்ன விசிறியின் இறக்கைகள் கம்பளி போர்த்தியிருந்தன. துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணிதான் கறுத்தது. கரடி அசையவில்லை.

“ஐயோ, இன்னாங்க இது!” என்று எட்டிப் பார்த்த மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “தொடச்சா போவாது. பஞ்சர் கடைல காத்து அடிச்சிக்கினு வாங்க.”

ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை நிற்க வைத்து, கால்களால் அணைத்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பெட்டியைச் சுற்றி வந்தார். “இன்னா சார், டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா?”

“தூசி மட்டும் ஊதிக் குடுங்க.”

அவர் ஊதினார். எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று எழுந்து, விரிந்து, எங்கள் தலைக்கு மேல் நின்றது. டயருக்குக் காற்றடிக்கக் காத்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அந்த மேகத்தின் நடுவிலிருந்து கத்தினார். “யோவ் நைனா, இன்னாயா பண்ற! சர்ச்சுக்குப் போறேன்யா!”

“நான் இன்னா பண்றது, எல்லாம் சார் ஊட்டுச் சொத்து” என்றார் கடைக்காரர், ஊதுவதை நிறுத்தாமல்.

மேகம் இறங்கிக் கீழே ஒரு குவியலாகப் படிந்தது. அதற்குள் ஒரு ஸ்க்ரூ விழுந்திருந்தது. முனையில் காந்தம் வைத்த என் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் துழாவினேன். ஸ்க்ரூ வந்தது. கூடவே முனையைச் சுற்றித் தாடி முளைத்திருந்தது. உதறினேன். விழவில்லை. ஊதினேன். மயிர்கள் படுத்து எழுந்து மறுபடி விறைத்து நின்றன.

“இது இரும்பு” என்றேன்.

“பின்ன இன்னா, சந்தனமா?” என்றார் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்த சர்ச்சுக்காரர். “ராவுல இரும்பு உருக்கற மில்லுல வுடற பொகை சார். எங்க ஊட்டு மாடியப் பெருக்குனா தெனம் ஒரு கைப்புடி வரும்.”

பஞ்சர் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார் ஊருக்குப் புச்சா?”

“ஆமாம்” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து ராமைச் செருகினேன், எஸ்.எஸ்.டி.யை மாட்டினேன். வீடியோக்காரர் சொன்னபடியே எல்லாம் நடந்ததில் ஒரு சந்தேகமே வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் எழுந்துகொண்டது. சுடவில்லை, அணையவில்லை. பழைய டிஸ்கின் கறகறப்பும் விசிறியின் இரைச்சலும் போய்விட்டன. டேபிள் ஃபேனையும் நிறுத்தினேன். இத்தனை வருஷத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

அப்போது சமையலறையிலிருந்து இருமல் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி. குழாயை மூடிவிட்டு ஒன்று, பாத்திரத்தை வைத்துவிட்டு ஒன்று. நான் விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்ததும் நாலு தடவை இருமுவாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்க இப்படித்தானா? என் பெட்டி போட்ட சத்தத்தில் இது எதுவும் எனக்குக் கேட்டதே இல்லை. ஜன்னலைத் திறந்து ஃபேன் வைத்து நான் பெட்டிக்குள் அடைத்ததெல்லாம் அவள் மூச்சுக்குள்ளும்தான் போயிருக்கும். பெட்டிக்காவது கழற்றி ஊத நாலு ஸ்க்ரூ இருந்தது.

தாடி வைத்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன். “பாரு, இரும்பு. காத்துல இருக்குது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “துணி தொவைக்கிறவ, எனக்குத் தெரியாதா? அத எதுக்குச் சோத்துப் பானைகிட்ட எடுத்துக்கினு வர்றீங்க?”

மறுநாள் அதே டாக்டரிடம் போனோம். அவர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நிறையப் பேசினாள்.

போனஸின் மிச்சத்தோடு அவளுடைய சீட்டுப் பணத்தையும் சேர்த்து மணவாள நகர் வீட்டைப் பிடித்தோம். வேலைக்கு இரண்டு ரயில் மாறிப் போகிறேன். மத்தியானத் தூக்கம் ரயிலில், நின்றபடி. இருமல் முழுக்கப் போகவில்லை. குறைந்திருக்கிறது. போகப் போகச் சரியாகலாம் என்கிறார் டாக்டர், ‘லாம்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தி.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டம்மா வந்து, என்ன காரணமாக இங்கே வந்தீர்கள் என்று விசாரித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவியின் உடல்நலம் என்று ஆரம்பித்தேன். டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த மனைவியின் அக்கா என்னை முடிக்க விடவில்லை.

“தங்கச்சிக்கு இருமல்னு எத்தினியோ வாட்டி கூப்டோம், வர்ல. கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கலன்னதும் தம்பி ஊட்டையே மாத்திக்கினு வந்துட்டாரு.”