சிறுத்தை மேல் ஒரு போட்டோ

போன வெள்ளிக்கிழமை பார்த்ததை எழுதிவைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் என் மனைவிக்கு ஓர் ஆசை — நாலு வயது மகள் செல்லத்தைப் போட்டோ எடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு போட்டோக்காரர் கொட்டகை போட்டிருக்கிறாராம். ராஜபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனோம்.

உள்ளே நுழைந்ததும் தூக்கிவாரிப் போட்டது. வாயைப் பிளந்தபடி ஒரு சிறுத்தை! செத்த பிறகு பாடம் செய்து நிறுத்தியது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கினாராம்.

"பிள்ளையை இதுமேல உக்கார வைங்க. எல்லாரும் இதைத்தான் கேக்காங்க" என்றார் போட்டோக்காரர்.

செல்லம் ஏறிக்கொண்டாள். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"ஏட்டி... எறங்குட்டி!"

மோர் விற்க வந்த ஒரு பெண். பானையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கினாள். எனக்கு வந்ததே கோபம்!

"என்னம்மா இது? செத்த மிருகம் என்ன செய்யும்?"

அவள் குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு சிறுத்தையின் பக்கத்தில் போனாள். அதன் இடது கண்ணுக்கு மேல் ஒரு தழும்பு. தொட்டுப் பார்த்தாள்.

"இது அவிய அருவா பட்ட எடம்..."

அவிய என்றால் அவள் புருஷன். செண்பகத்தோப்புக் காட்டில் மாடு மேய்த்தவரை அவள் கண்ணெதிரே அடித்துக் கொன்ற சிறுத்தை இது. அதைச் சுட்டுவிட்டார்கள் என்று ஊரார் சொன்னபோது அவள் நம்பவில்லை. இன்றுவரை காட்டுப் பக்கம் போனதில்லையாம்.

மெல்ல அந்த வாய்க்குள் கையை விட்டாள். வெளியே வந்தது — ஒரு பிடி வைக்கோல்.

"இம்புட்டுதானா?"

சிரித்தாளா, அழுதாளா? அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போட்டோக்காரர் பதறிப்போனார். "காசு வேண்டாம்மா. உங்களை ஒரு படம் எடுத்துத் தாரேன்."

"அவிய மொகத்தைப் பாக்க எங்கிட்ட ஒரு படம் கெடையாதுய்யா. இதுக்கு எத்தனை வீட்டுல படம் இருக்கு?"



"எங்கேம்மா போறே?" என்றேன், அவள் எழுந்தபோது.

"செண்பகத்தோப்புக்கு. அவிய விழுந்த எடத்தை அதுக்குப் பொறவு நான் பாக்கவே இல்லை."

கோயில் தூணில் சிங்கத்தைச் செதுக்கியவர்கள் அதற்குப் பயந்தவர்கள். பயந்ததால் கும்பிட்டார்கள். நாம்? வைக்கோலை அடைத்து, முதுகில் ஏறி, போட்டோவுக்குச் சிரிக்கிறோம்!

செல்லத்தை வெறும் நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வாசலில் அடுத்த குடும்பம் காத்திருந்தது. நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான்... அவர்களும் சிறுத்தையைத்தான் கேட்டார்கள்.