மேல் வரிசையில் ஒரு பட்டன்

ரத்தினபாய் கண்ணை மூடிக்கொண்டுதான் டைப் அடிப்பாள். விரலைப் பார்த்தால் ஸ்கேலால் தட்டும் மாஸ்டரிடம் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் படித்துப் பாஸானவள். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் பதினேழு வருஷம் அப்படியேதான் அடித்தாள். போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. தாம்பரம் ஸ்டேஷன் படிகள் இனிமேல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வீட்டை விட்டு அதிகம் வெளியே போனதில்லை.

உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருந்தது. பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளின் தேர்வில் நேரம் போதாமல் தோற்றிருந்தாள். இன்றைக்கு மூன்றாவது. காலை பத்து மணிக்குப் பதினெட்டு நிமிடப் பேட்டி ஒன்று வந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்கு அதை அனுப்பும் பக்கம் மூடிக்கொள்ளும். இதுவும் போனால் இனி யாரிடமும் வேலை கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

ஹாலில் அவள் கணவர் ஏசுதாசன் சாயங்காலச் சர்ச் கொயர் ரிகர்சலுக்காகப் பாட்டைப் போட்டு, கூடவே பாடிப் பழகிக்கொண்டிருந்தார். ரத்தினபாய் ஹெட்ஃபோனை மாட்டியதும் அந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் திணறியதால், வண்டலூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் மகள் கெசியா அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, ஒரே ஒரு தொல்லையைத் தவிர. பேச்சை நிறுத்தத் திரையில் வேறு ஜன்னலுக்குப் போய்த் திரும்பினால், தமிழ் எழுத்து தானாக ஆங்கிலத்துக்கு மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பித் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படித் தடுக்கித் தடுக்கி ஐந்து நிமிடப் பேச்சை அடித்து முடித்து ரத்தினபாய் கண்ணைத் திறந்தாள்.

பாதிப் பக்கத்துக்கு மேல் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல். எங்கேயோ ஒரு தடவை மாற்ற மறந்திருக்கிறாள்.

மணி பதினொன்று இருபது.

கீபோர்டின் மேல் வரிசையில் பாட்டை ஓட்டவும் நிறுத்தவும் தனியாக ஒரு பட்டன் இருந்தது. அது வேலை செய்தால் ஜன்னல் மாற வேண்டாம், மொழியும் மாறாது. அழுத்தினாள். பேச்சு நிற்கவில்லை. மறுபடி மறுபடி நாலு தடவை அழுத்தினாள். அதன் பாட்டுக்கு ஓடியது. போனை எடுத்துக் கெசியாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ம்மா, லேப்ல இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"அந்தப் பிளே பட்டன் செத்துப்போச்சுடி. எனக்கு ஒரு மணிக்குள்ள அனுப்பணும்."

கெசியா கிசுகிசுப்பாகவே ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அடித்ததும் சின்னதாக ஒரு வெள்ளை ஜன்னல் வந்தது.

"அதுமேல மவுஸ வெச்சிட்டு, மொதல்ல ஏதாவது சாதா பட்டன அழுத்து. பட்டன் பேரு வருதா?"

"வருது."

"இப்ப பிளே."

"என்னமோ ஓடுது. ஆனா பிளேன்னு எங்கயும் இல்ல."

"அப்போ சாகல. நீ அழுத்தறத நடுவுல வேற எவனோ வாங்கிக்கறான்."

"எவன்டி அவன்?"

"தெரியலயே. இன்னொரு தடவ அழுத்து."

அழுத்தினாள். அறைக்கதவு படாரென்று திறந்தது. பாட்டு நோட்டோடு ஏசுதாசன் நின்றுகொண்டிருந்தார்.

"ரத்தினம், நான் பாடறது பிடிக்கலன்னா நேரா சொல்லிடு. உச்சிக்குப் போறப்ப பாட்ட நிறுத்தி நிறுத்தி ஓட்டாத. ஏழு தடவ!"

"நான் எங்கங்க நிறுத்தினேன்? நானே இங்க செத்துக்கிட்டிருக்கேன்!"

போனில் கெசியாவின் குரல் கேட்டது. "டாடி, பாட்டு எதுல ஓடுது?"

"அம்மா கம்ப்யூட்டர்லதான். காலைல பிரவுசர்ல போட்டுவிட்டேன். நீதானே பிரவுசர் சத்தத்த ஹால் ஸ்பீக்கருக்குத் திருப்பி வெச்சே?"

லேபில் இருப்பதை மறந்து கெசியா சிரித்துவிட்டாள். "ம்மா! ஏழு தடவையும் பட்டன் வேலை செஞ்சிருக்கு. ஹால்ல, டாடி பாட்டுக்கு!"

ரத்தினபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. மணி பதினொன்று நாற்பத்தைந்து.

"பிரவுசர்ல அந்தப் பாட்டு ஓடற டேப்ப மட்டும் மூடும்மா. பிரவுசரையே மூடிடாத, அனுப்பற பக்கமும் போயிடும். சார் வர்றாரு, வெச்சிடறேன்."

பாட்டும் அனுப்பும் பக்கமும் ஒட்டி ஒட்டி இருந்தன. பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் பாட்டை மூடினாள். பட்டனை அழுத்தினாள். காதில் பேச்சு வந்தது. அழுத்தினாள். நின்றது. ஒரு எழுத்து அடித்துப் பார்த்தாள். தமிழ்.

"என்னங்க, ஒரு மணி வரைக்கும் பாட்டு இல்ல."

"பரவால்ல. சும்மாவே பாடிக்கறேன்."

"மெதுவா பாடுங்க."

"உச்சக்குரல்ல பாடற டெனர் மெதுவா பாடினா எவனுக்குக் கேக்கும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து, எழுத்து தமிழ்தானா என்று பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டரைக்குப் பிறகு அதற்கும் நேரமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, காதில் விழுந்ததை விரலுக்கு அனுப்பினாள். முழங்கால் வலித்தது. நீட்டிக்கொள்ளக்கூட நிறுத்தவில்லை. முடித்தபோது ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. ஒரு தடவை படித்துப் பார்க்கக்கூட முடியாமல் அனுப்பினாள்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். நான்காம் நாள் காலையில் மெயில் வந்தது. முதல் வரியைப் படித்ததும், இதுவும் போச்சு என்று நினைத்தாள்.

"பதினான்காம் நிமிடத்தில், பேட்டியில் இல்லாத 'அல்லேலூயா' என்ற சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. இனிமேல் ஒலிப்பதிவில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். மற்றபடி பிழை குறைவு. திங்கட்கிழமை முதல் வேலை அனுப்புகிறோம்."

கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். ஹாலில் ஏசுதாசன் மறுபடி பாட்டுப் போட்டுக்கொண்டு, உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வாயைத் திறந்தவள், திறந்தபடியே கையை நீட்டி மேல் வரிசைப் பட்டனை அழுத்தினாள்.

பாட்டு நின்றது.

"ரத்தினம்!" என்று கத்திக்கொண்டே அவர் வரும் சத்தம் கேட்டது.