சட்டையில் குத்திய நாடு

"நேரா இருக்கான்னு பாருங்க" என்று நெஞ்சைக் காட்டுவார் அருள்மணி. சட்டைப் பைக்கு மேலே மூவர்ணக் கொடி வில்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் கொடி, கைப்பையின் பிடியில் கொடி, தண்ணீர் பாட்டிலின் வயிற்றிலும் கொடி. சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் இந்தச் சோதனைக்கு அடுத்த வீட்டுக்காரனான என்னைத்தான் கூப்பிடுவார்.

"அங்கிட்டு நம்ம யாருன்னு தெரியணும்ல?"

அங்கே அவரை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒருவர் விசாரித்தார். அவரும் வில்லையைப் பார்த்து அல்ல, ரயிலில் இவர் போனில் போட்ட சத்தத்தைக் கேட்டு, "அண்ணே, அறந்தாங்கிப் பக்கமா?" என்றாராம். நாட்டைக் காட்டப் போனவருக்கு ஊர் தெரிந்துபோனதில் கொஞ்சம் வருத்தம்.

அறந்தாங்கிக்குத் திரும்பியதும் வில்லை பீரோவுக்குள் போய்விடும். கடைத்தெருவுக்குச் சிங்கப்பூர் என்று எழுதிய தொப்பியோடு போவார். இங்கே எல்லோருமே இந்தியர்கள். அதில் தனியாக என்ன பெருமை இருக்கிறது? ஆகஸ்ட் பதினைந்தில் தெருமுனைக் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டால், "வெயிலப் பாத்தீங்களா?" என்பார். மனிதன் தான் இல்லாத இடத்தைத்தான் நெஞ்சில் குத்திக்கொள்கிறான் போலும்.

தெருக்காரரான ஆண்டிச்சாமியின் மகன் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கினான். டீக்கடையில் ஆண்டிச்சாமியை எதிரே வைத்துக்கொண்டே அருள்மணி சொன்னார்: "பாஸ்போர்ட்ட மாத்துனவன் நாளைக்கு அப்பன் பேரையும் மாத்துவான்." ஆண்டிச்சாமி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

போன மாதம் மகள் இனியா போனில் சொன்னாள்: "எனக்கு சிட்டிசன்ஷிப் கெடச்சிருச்சுப்பா. இந்தியா பாஸ்போர்ட்டக் குடுத்தாச்சு."

அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. டீக்கடைக்கும் போவதில்லை. டீ பித்தம் என்று திடீரென்று கண்டுபிடித்திருக்கிறார். ஆண்டிச்சாமி மட்டும் கடை பெஞ்சில் தினமும் இவருக்காக ஆவலோடு காத்திருப்பதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை குடியுரிமை வழங்கும் விழா. அங்கிருந்து மருமகன் வீடியோ காலில் காட்டினார். அருள்மணியின் மனைவி திலகவதி போனைச் செம்பில் சாய்த்து வைத்து, என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அருள்மணி நாளிதழுக்குள் இருந்தார்.

"பேப்பர்ல அப்புடி என்னத்தத் தேடுறீங்க? மகளப் பாருங்க."

"நான் பாத்து என்ன ஆகப்போவுது? எல்லாம் முடிச்சுட்டுத்தான சொன்னா."

"தெனம் கேக்குறா, அப்பா பேசுவாரான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

அருள்மணி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். திரையில் பட்டுப்புடவையோடு இனியா, கையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கொடி. மண்டபம் எழுந்து நின்றது. மலாய் மொழியில் அந்த நாட்டின் தேசிய கீதம் தொடங்கியது. இனியாவின் வாய் பாட்டோடு அசைந்தது. கண்கள் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாளிதழ் மெல்லக் கீழே இறங்கியது. அருள்மணி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஒக்காருங்க. அது நம்ம பாட்டு இல்ல" என்றார் திலகவதி.

அவர் உட்காரவில்லை. மடித்துக் கட்டியிருந்த கைலியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.