மலையடியில் கற்பூரம்

போன வருடம், ஜப்பானில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க மாடம்பாக்கத்திலிருந்து நானும் என் கணவரும் போயிருந்தோம். அவள் எங்களை ஒரு மலையடிவார ஷிண்டோ மதக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். வணங்குவதற்கு மர மண்டபம் இருந்தது. சிலை எதுவும் இல்லை.

“சாமி எங்கம்மா?” என்றார் இவர்.

“அந்த மலைதாம்பா சாமி. கை தட்டிக் கும்பிடணும், அவ்ளோதான்.”

“அப்ப நம்ம திருவண்ணாமலை மாதிரின்னு சொல்லு.”

நானும் மகளும் கும்பிட்டுத் திரும்புவதற்குள் இவர் மண்டபத்து மரப்படியில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டார். மகள் வீட்டருகே இருந்த இந்தியக் கடையில் எங்களுக்குத் தெரியாமல் வாங்கினாராம்.

பக்கத்தில் கிடந்த சருகு பற்றிக்கொண்டது. மகள் கோட்டைக் கழற்றி அடித்தாள். பூசாரி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்லவேளை, படி கருகியதோடு போயிற்று. மகளும் நானும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்க, இவரோ, “மலைக்குத் தீபம் காட்டினா தப்பா?” என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்த மலையில இருக்கிற காடும் இவங்களுக்குச் சாமிதாம்பா. அதையே எரிக்கப் பாத்தீங்களே,” என்று மகள் அழுத பிறகுதான் வாயை மூடினார்.

இப்போதெல்லாம் எந்தக் கோயிலுக்குப் போனாலும், அங்கே என்ன செய்யக்கூடாது என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். கிளம்பும் முன் இவர் சட்டைப்பையையும் சோதிக்கிறேன். போன வாரம் தீப்பெட்டி இருந்தது. கொசுவர்த்திக்காம்.