கருவறையின் உள் அளவு

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. போன மாசியில், பட்டப்பகலில், மேகலாவுக்கு நடந்தது.

உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரித்தோப்புக்குள் ஒரு சின்னச் சிவன் கோயில். சோழர் காலத்துக் கற்கோயில். ஒரே ஒரு கருவறை, ஆள் குனிந்து நுழையும் வாசல், அவ்வளவுதான். அதைப் பிரித்துவிட்டு சிமெண்டில் கட்ட ஊரார் தீர்மானித்திருந்தார்கள். கல்லூரியில் வரலாறு நடத்தும் மேகலா, அளந்து படம் போட்டு மனுக் கொடுத்தால் தடுத்துவிடலாம் என்று வந்திருந்தாள். துணைக்குத் தோப்புக்காரர் தங்கசாமி.

சுவரைச் சுற்றிக் கல்வெட்டு ஓடியது. நந்தா விளக்கு எரிய யாரோ தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தி. எழுத்து இன்னும் கூர்மையாக இருந்தது. ஆனால் வாசலில் அந்த நாற்றம்... வௌவால் எச்சம், காறிப்போன எண்ணெய். அதற்கும் அடியில், நாள்கணக்கில் பல் விளக்காத வாயின் வாடை.

டேப் நுனியை வாசற்படியில் வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தாள். நிமிர்வதற்குள் டேப் சரசரவென்று உள்ளே ஓடியது. தங்கசாமிதான் நுழைந்துவிட்டார் என்று நினைத்தாள். மணி 12.10.

"பின்சுவர்ல வச்சிட்டீங்களாய்யா?"

"ம்..."

டேப் விறைத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணில் பட்ட எண்ணை அவசரமாகக் கிறுக்கினாள்.

"போதும், வாங்க."

சளப்... சளப்...

எதையோ சப்பும் சத்தம்.

"ஐயா?"

"என்ன டீச்சர்?"

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. தங்கசாமி கையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

"மோட்டார் கொட்டாய்க்குப் போயிட்டு வரேன். நான் இன்னும் உள்ளயே போவலியே..."

டேப் விறைப்பாகவே இருந்தது.

பிறகு, விட்டது.

சுருண்டு வந்த நுனி அவள் உள்ளங்கையில் அறைந்தது.

வெதுவெதுப்பு.

கொழகொழவென்று எச்சில்.

கொக்கியில் பல் தடம். இடுக்கில் ஒரு நரைமயிர்.

மேகலா அங்கேயே வாந்தி எடுத்தாள். தங்கசாமி டார்ச் அடித்துப் பார்த்தார். லிங்கம், வௌவால்கள். ஆள் இல்லை. வேறு வாசலும் இல்லை.

குடத்துத் தண்ணீர் முழுவதும் கொட்டி, மண் போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை. நான்கு நாள் இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் தங்கசாமி போன் செய்தார்.

"நீங்க வர வேணாம் டீச்சர். வெளி அளவ நானே எடுத்துட்டேன். முன்சுவர்லேர்ந்து பின்சுவர் வரைக்கும் மொத்தமே பதினோரு அடிங்க."

மேகலா நோட்டைத் திறந்தாள். அவள் கையெழுத்துதான்.

உள் அளவு, முப்பத்தேழு அடி.