பூசினாற்போல

ஆடித்தபசுக்குக் கொடியேறிய மறுநாள் காலை, எதிர்வீட்டுக்காரம்மா என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "என்ன மதினி, நல்லாப் பூசுனாப்ல இருக்கியளே! அண்ணாச்சி தனியா நெய் ஊத்துதாவளோ?"

"ஆமா, அவிய ஊத்திட்டாலும்!" என்று இவள் சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து ஈர்க்குச்சிபோல வந்தவள் அவள்.

அன்று சாயங்காலம் மெட்டி இறுக்குகிறது என்று காலை நீட்டினாள். கல்யாணத்தன்று நான் போட்டுவிட்ட, வாய் மூடிய வெள்ளி வளையம். சதைக்குள் புதைந்து கிடந்தது. சோப்பு நுரை தடவியும் அசையவில்லை. வாகாகப் பிடிப்பதற்காகப் புறங்காலில் கட்டைவிரலை ஊன்றினேன். விரலை எடுத்தபோது அங்கே ஒரு குழி இருந்தது. பிசைந்த மாவில் அழுத்தியதுபோல், மேலே எழும்பாமல் அப்படியே நின்றது.

"என்ன பாக்கிய?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுக்குப் போறதுல ஏதும் மாத்தம் தெரியுதா?"

"நுரை நுரையாப் போகுது. பாத்ரூம் கழுவுத பவுடரு மிச்சம் கிடக்குன்னுல்லா நெனச்சேன்."

வீக்கமும் நுரையும் சேர்ந்து வந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் நகைக்கடையில் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். அதற்கு மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனை. அங்கிருந்து திருநெல்வேலிக்கு, சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

"வீக்கம் எப்ப இருந்து?" என்று அவர் கேட்டார்.

எந்த மழை எந்தக் கோயில் கொடையை ஒட்டிப் பெய்தது, எங்கள் தெருவில் என்றைக்குக் குழாய் பதித்தார்கள் என்று யாரும் கேட்காமலே சொல்கிறவன் நான். இந்த வீக்கத்துக்கு மட்டும் ஒரு தேதியும் குறித்து வைக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறாள் என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

அவர் விளக்கியதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இப்படிப் புரிந்துகொண்டேன். ரத்தத்தில் உள்ள புரதம்தான் நீரைக் குழாய்களுக்குள் பிடித்து வைக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய சல்லடை அந்தப் புரதத்தை வெளியே விடுவதில்லை. சல்லடை கெட்டால் புரதம் சிறுநீரில் நுரையாகப் போய்விடுகிறது. பிடிமானம் இழந்த நீர் சதைக்குள் இறங்குகிறது. ராத்திரி படுத்திருந்தால் முகத்தில் தேங்கும். பகலில் நடமாடினால் காலுக்கு வரும்.

என்னைப் பயமுறுத்தியது அதற்கடுத்த பகுதி. குழாய்க்குள் நீர் குறைவதைப் பார்க்கும் சிறுநீரகம், உடம்பே வறண்டுவிட்டதென்று எண்ணிக்கொண்டு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சேர்த்து வைக்கத் தொடங்குகிறது. கரை உடைந்து வயலெல்லாம் வெள்ளக்காடாகக் கிடக்க, குளத்தில் தண்ணீர் குறைகிறதே என்று மடையை இறுக்கி அடைப்பதுபோல. நம்மைக் காப்பதாக நினைத்துக்கொண்டே நம்மை மூழ்கடிக்கிற ஓர் உறுப்பு. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தவளின் வீங்கிய இமைகளைப் பார்க்க முடியாமல் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதுகில் ஊசி செலுத்திச் சிறுநீரகத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான், இது மருந்துக்கு அடங்குமா, டயாலிசிஸ் வரை போகுமா என்று தெரியும் என்றார் மருத்துவர். அதற்குக் குறித்த நாளில் உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது அவள் திரும்பினாள்.

"இந்தத் தேதியையும் மனசுல குறிச்சுக்கிட்டியளா?"

"சும்மா போ."

முடிவு வரும்வரை வீட்டில் உப்புச் சாடியை உயரத்தில் ஏற்றி வைத்திருந்தேன். உப்பில்லாத சோற்றை அவள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். 

மருந்துக்கு அடங்கும் வகைதான் என்று முடிவு வந்தது. ஆனால் அதற்குத் தரும் மாத்திரையே கன்னத்தை உப்ப வைக்கும் என்றார்கள். இது மருந்தின் உப்பலா, நோயின் உப்பலா? தினமும் காலையில் அவள் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்துவேன். குழி விழாவிட்டால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஐப்பசி மழையோடு மாத்திரையின் அளவும் குறைந்துகொண்டே வந்தது. தைப்பொங்கலுக்கு மறுநாள் எதிர்வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் மதினி, இப்படி வத்திப் போய்ட்டிய? அண்ணாச்சி கஞ்சி ஊத்தலையா?"

அதைவிட நல்ல வார்த்தை அந்த வருஷத்தில் நான் கேட்கவில்லை. அன்றைக்கே அவளை நகைக்கடைக்கு அழைத்துப் போனேன். சல்லடை ஆறியிருந்தாலும் திரும்பக் கெடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை இருவருமே வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. பழைய அளவில் ஒரு மெட்டியை எடுத்து அவள் விரலில் போட்டேன். கச்சிதமாக இருந்தது.  அவள் அதைக் கழற்றிக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"வாய் தெறந்தது குடுங்க அண்ணாச்சி. விரிச்சுக்கிடுத மாதிரி."