பதில் சொன்ன கணினி

2005இல், நாற்பத்தைந்து வயதில், மரக்காணத்தில் ஓர் உப்பளக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நெட்வொர்க்கிங் படித்தேன். சனி, ஞாயிறு புதுச்சேரியில் வகுப்பு. மற்ற நாட்களில் அலுவலகக் கணினிகளை இணைப்பதுதான் செய்முறைப் பாடம். அதற்கும் மேலாளர் கையெழுத்தோடு மதிப்பெண் உண்டு.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் கொடுத்து, என் மேசைக் கணினியிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பேன்; இணைப்பு சரியாக இருந்தால் திரையில் பதில் வரும். ஒருநாள் எடைமேடைக் கணினியும் பதில் அனுப்பியது. அதில் வேலை செய்தவர் மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார்; அன்று முதல் அதன் மின்கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தோம். வெளியே வெயிலில் உப்பு கண்ணைப் பறித்தது. மறுபடி கூப்பிட்டேன்; மறுபடியும் பதில் வந்தது.

அலுவலகத்தைப் பெருக்க வரும் அவர் மனைவி, பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டார்.

"உசுரோட இருந்தப்ப பத்து தடவ கூப்ட்டாலும் ஏன்னு கேக்க மாட்டாரு. இப்ப ஒடனே பதில் வருதா சார்?" என்று சிரித்தார், பிறகு அழுதார். அதன்பின் தினமும் மதியம் வந்து, "இருக்காருங்களா?" என்பார். கூப்பிடுவேன். பதில் வரும்.

அந்த வார வகுப்பிலேயே விஷயம் புரிந்துவிட்டது. கிடங்கில் இருந்த புதிய பிரிண்டருக்கும் அதே எண்ணை நானே கொடுத்திருந்தேன். பதில் சொன்னது அதுதான். வெளியே தெரிந்தால் மதிப்பெண் குறையும் என்று வாயை மூடிக்கொண்டேன். தேர்வுக்கு முன் யாருக்கும் தெரியாமல் பிரிண்டரின் எண்ணை மாற்றினேன்.

அன்று மதியம் பதில் வரவில்லை.

"கோவிச்சுக்கிட்டாருங்களா? காலைல படத்துக்கு முன்னாடி நின்னு திட்டிட்டு வந்தேன் சார், இப்படி விட்டுட்டுப் போய்ட்டியேய்யான்னு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மதிப்பெண் தாளில் கையெழுத்து வாங்க மேலாளர் அறைக்குப் போனேன்.